யார் காசில் யோசிக்கிறோம்?



நாம் நினைவுகூரும் தோழர் எங்கே போனாலும் ரசீதுப் புத்தகத்தோடுதான் போவார் என்பது இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐந்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது கிழித்துத் தருவார். "காசு கொடுத்தவன் நாளைக்குக் கேள்வி கேட்கணும்ல" என்பார். அவர் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் காசைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நம் மாநிலத்தின் கொள்கைகளை யோசித்துக் கொடுக்கிறவர்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், அந்த யோசனையில் சேரியின் கேள்விக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

தமிழில் இப்போது 'சிந்தனைக் குழாம்' என்கிறார்கள். பெயர் புதிது, வேலை பழையது. தமிழ்நாட்டில் 1971 ஒரு முக்கியமான ஆண்டு. யுனெஸ்கோவில் உயர்பொறுப்பில் இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேசய்யா, சென்னை அடையாற்றில் தன் சொந்தப் பொறுப்பில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மாநிலத் திட்டக் குழுவைக் கலைஞர் அரசு உருவாக்கியது. முதலாவது ஒரு தனிமனிதரின் கொடையில் பிறந்து, 1977-க்குப் பிறகு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகிய இரண்டின் நிதியிலும் நடக்கிறது. இரண்டாவதற்கு முதலமைச்சரே தலைவர். 2020-ல் அதன் பெயர் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று மாறியது, பிறகு பழைய பெயரே திரும்பி வந்தது. இரண்டும் வரிப்பணத்தில் நடப்பதால் சட்டமன்றத்திலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலாவது கணக்குக் கேட்க வழி உண்டு. கேட்கிறோமா என்பது வேறு விஷயம்.

அதற்குப் பின்னால் வந்தவற்றில் கணக்குக் கேட்பது கடினம். 2014-ல் தமிழ்நாடு அரசு ஜெ-பால் என்ற வறுமை ஆய்வகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆய்வகம் அது. அதன் முழுப்பெயரில் வரும் அப்துல் லத்தீப் ஜமீல், கொடை தந்த சவூதி வணிகக் குடும்பத்தின் முன்னோர். கொடையாளர் பெயரைப் பலகையிலேயே எழுதிவைத்திருப்பது நேர்மைதான், குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஒரு பணியாளரை வைத்தால் குழந்தைகளின் கற்றல் கூடுகிறதா என்று நடந்த ஆய்வும் பயனுள்ளதுதான். கூடுதல் கை வந்தால் என்ன கூடும் என்பது அதன் கேள்வி. அந்தக் கை யாருடையது என்பது வேறு கேள்வி. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டபோது அந்த இரண்டாவது கேள்வி நடுத்தெருவுக்கு வந்தது. அந்தக் கேள்வியை ஆராய எந்தக் கொடையாளர் வரிசையில் நிற்கிறார்?

கட்சிகளின் யோசனையும் கூலிக்கு வருகிறது. 2021 தேர்தலுக்காக ஐ-பேக் நிறுவனத்தைத் திமுக அமர்த்தியது. அப்படிப்பட்ட செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்கு ஒருமுறைதான் கொஞ்சம் தெரிந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, திமுக பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது என்று வெளியானது. லாட்டரி தடைசெய்யப்பட்ட மாநிலம் இது! பெற்றதில் முதலிடம் பாஜகவுக்குத்தான். கொடுத்தவர் பெயரைத் தானே எழுதிக்கொடுத்த சில கட்சிகளில் திமுகவும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணம் யாரையும் பொய் எழுதச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் எதிர்ப்பது சுலபம். எங்கள் அனுபவம் ஒன்று. யானைமலையைச் சுற்றியும் மேலூர் சாலை நெடுகிலும் உள்ள ஊர்களில் சுடுகாட்டுப் பாதை, தேநீர்க் கடை, கோயில் நுழைவு பற்றி ஒரு கணக்கெடுப்பைத் திட்டமிட்டோம். ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். தலைப்பில் 'தீண்டாமை' வேண்டாம், 'சமூக உள்ளடக்கம்' என்று வைக்கலாமே என்றார்கள். கேள்வித்தாளில் சாதிப் பெயர் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஓராண்டுச் சம்பளம் அது. இரண்டு நாள் தடுமாறினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு மறுத்தோம். நாற்பது ஊருக்குத் திட்டமிட்டது பதினோரு ஊரோடு நின்றது.

கேள்வி கேட்க ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப வளர்ச்சி நிதியில் தலித்துகளின் பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது 1979 வாக்கில் வந்த சிறப்புக் கூறுத் திட்டம். அதற்கு வடிவம் கொடுத்தவர் பி.எஸ். கிருஷ்ணன் என்ற அதிகாரி. அந்தப் பணத்தில் 700 கோடிக்கு மேல் டெல்லி அரசு காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டதை 2010-ல் ஹவுசிங் அண்டு லேண்டு ரைட்ஸ் நெட்வொர்க் என்ற சிறிய அமைப்பு தகவல் அறியும் மனுக்களால் வெளிக்கொண்டுவந்தது. பணம் திருப்பிவிடப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆந்திராவில் ஐதராபாத் தலித் ஆய்வு மையமும் ஓய்வுபெற்ற தலித் அதிகாரிகளும் பட்ஜெட் புத்தகங்களை வரிவரியாகப் படித்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த இயக்கத்தின் விளைவாக 2013-ல் அங்கே தனிச்சட்டம் வந்தது. 2011 கணக்குப்படி மக்களில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினராக இருக்கும் தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வந்தது 2024-ல். இடைப்பட்ட 11 ஆண்டுகளுக்கு அரசை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கவிதை, நாவல், வழக்கு என்று எல்லாவற்றிலும் முன்னே போன நாம், பட்ஜெட் படிக்க ஒரு அறையையும் நான்கு நாற்காலியையும் போட்டு வைக்கவில்லை.

போட முயன்றவர்களுக்கும் கதவு அடைபட்டது. இதே மதுரையில் மக்கள் கண்காணிப்பகத்தின் வெளிநாட்டு நிதி உரிமம் 2012-ல் நிறுத்திவைக்கப்பட்டது. 2016-ல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. 2020-ல் வந்த சட்டத்திருத்தம், நிதி பெறும் பெரிய அமைப்பு அதைச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையே தடை செய்தது. கிராமத்து தலித் அமைப்புகள் பெரும்பாலும் அந்தப் பகிர்வில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் போன்ற பெரிய இடத்துக்கே 2024-ல் உரிமம் ரத்தானது என்றால், கிழக்குத் தெருவில் ஒற்றை அறையில் இருப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல?

வெளிநாட்டுக் காசு வாங்கினால் அவர்கள் சொல்கிற கேள்வியைத்தானே கேட்க வேண்டும் என்று ஒரு மாணவி போன மாதம் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ஸ்டேட் பாலிசி நெட்வொர்க், மாகாணத்துக்கு மாகாணம் சிந்தனைக் குழாம்களை இணைத்து வைத்திருக்கிறது. தொழிற்சங்கத்தைத் தளர்த்து, வரியைக் குறை, அரசுப் பள்ளியிலிருந்து பணத்தை வெளியே எடு என்று அவை மாகாண அரசுகளிடம் பேசுகின்றன. கொடையாளர் பெயரைப் பொதுவெளியில் சொல்ல வேண்டும் என்று அங்கே சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆகவே சுதேசிக் காசு சுத்தம், விதேசிக் காசு அழுக்கு என்ற பிரிப்பு எதற்கும் உதவாது. கொடுத்தவர் பெயர் தெரிகிறதா, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாளும் அறையைத் திறக்க முடியுமா? இந்த இரண்டையும் கேட்டால் போதும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து இதழ் தொடங்கியபோது அதன் பெயரிலேயே விலையை வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. அவர் மறைந்த பிறகு 1926-ல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் தமிழனை மீண்டும் எடுத்து நடத்த முடிந்ததென்றால், அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வாசகர்களாக நின்றதால்தான். ஆனால் பைசாவை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் அது பாதி உண்மை. அண்ணல் அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' தொடங்க, கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அண்ணல் வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் பெயர் ஊருக்கே தெரியும். இதழில் எழுதியது அண்ணலின் கேள்விதான்.

இந்த ஆண்டு மதுரை மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வந்த பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படிக்கப்போகிறோம். விடுதி, சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனை என்று மூன்றே தலைப்பு. தகவல் அறியும் மனு எழுதத் தெரிந்த பத்து மாணவர்கள் வேண்டும். பேருந்துச் செலவு தருவோம், சம்பளம் தர இப்போது இல்லை. விட்டுப்போன இருபத்தொன்பது ஊருக்கும் இவர்களே போவார்கள்.

இன்றைய கூட்டத்துக்கு ஆன மண்டப வாடகை, மைக் செட், அச்சுக் கூலி, தேநீர்ச் செலவு எல்லாம் வாசலில் ஒட்டியிருக்கிறது. கொடுத்தவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே வரும்போது உண்டியலில் போட்டுவிட்டு ரசீது வாங்காமல் வந்தவர்கள், போகும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.