சித்திரக்காரர் சோம்நாத் ஹோர்
(சேரங்கோட்டில் தேயிலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசத்தான் எங்களை அழைத்தீர்கள். அதைச் சங்கத் தோழர்கள் விவரமாகப் பேசிவிட்டார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் நாங்கள் ஒரு சித்திரக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். "பிரட்டுக்கு நின்று கால் ஓய்ந்தவர்களிடம் வந்து படத்தைப் பற்றிப் பேசுகிறார்களே" என்று யாராவது நினைத்தால் அதில் தவறில்லை. நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததால் இதே ஊரில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அந்தச் சித்திரக்காரரின் பெயர் சோம்நாத் ஹோர். 1921-ல் சிட்டகாங் ஜில்லாவில் பிறந்தார். அந்த ஜில்லா இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. 2006-ல் சாந்திநிகேதனில் காலமானார். பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். வாலிபத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்களில் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு பசை வாளியும் தூரிகையுமாகத் திரிகிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்களைப் போல ஒருவர்.

1942-ல் ஜப்பான் விமானங்கள் சிட்டகாங் பக்கம் குண்டு போட்டன. பிணங்களை அவர் கண்ணால் பார்த்தார். அடுத்த ஆண்டு, 1943-ல், வங்காளப் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மழை பொய்த்ததனால் மட்டும் வந்த பஞ்சமா அது? இல்லை. யுத்தத்துக்காக நெல்லைக் கொள்முதல் செய்தார்கள். ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று ஆற்றுப் படகுகளைப் பறித்தார்கள். படகு போனதும் மீன்பிடிப்பும் போயிற்று, சரக்குப் போக்குவரத்தும் போயிற்று. வியாபாரி அரிசியைப் பதுக்கினான். சர்க்காரோ பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் சட்டப்படி கஞ்சித் தொட்டி திறக்க வேண்டுமே!

அந்தச் சமயத்தில் சித்தப்பிரசாத் என்ற மூத்த சித்திரக்காரத் தோழர் ஒருவர் சிட்டகாங்கில் இருந்தார். அவர் இந்தப் பையனை ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் கூட்டிப் போனார். பசித்துக் கிடப்பவர்களையும் நோயாளிகளையும் நேருக்கு நேர் பார்த்து வரையச் சொன்னார். அதுதான் சோம்நாத் ஹோர் படித்த முதல் பள்ளிக்கூடம். அங்கே வரைந்த படங்கள் கட்சியின் வங்காளி வாரப் பத்திரிகையான 'ஜனயுத்த'த்தில் வெளிவந்தன.

இங்கே ஒரு கேள்வி வரும். செத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாமல் எதிரில் உட்கார்ந்து படம் வரைவதா? நியாயமான கேள்விதான். கஞ்சி ஊற்றியவர்களும் கட்சியில் இருந்தார்கள். ஆனால், "பஞ்சமே இல்லை" என்று ஒரு சர்க்கார் சொல்லும்போது, இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா? சித்தப்பிரசாத் 1943 நவம்பரில் மிதுனப்பூர் ஜில்லாவுக்குப் போய், பார்த்ததை எழுதியும் வரைந்தும் ஒரு சிறு புத்தகமாக்கினார். ஐயாயிரம் பிரதிகள் அச்சாயின. வெள்ளைக்கார சர்க்கார் அவற்றைப் பறித்து எரித்தது. அவர் குடும்பத்தார் பத்திரப்படுத்திய ஒரு பிரதி தப்பியது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு சித்திரப் புத்தகத்தைக் கண்டு ஏன் அஞ்சினார்கள்? இதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த பி.சி. ஜோஷியின் ஊக்கத்தால் சோம்நாத் ஹோர் கல்கத்தா சர்க்கார் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். ஜைனுல் ஆபிதீன் அங்கே ஆசிரியர். பஞ்ச காலத்தில் மட்டரகமான காகிதத்தில், கரியிலிருந்து தயாரித்த மையால் பட்டினிக்காரர்களை வரைந்தவர் அவர். நல்ல காகிதம் இல்லையே, சாயம் இல்லையே என்று அவர் காத்திருக்கவில்லை.

அந்தப் பள்ளியில் ஹோர் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும் வேலையையும் பழகினார். மில் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பலகையில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்ட மேடு மையைப் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஒரு பலகையிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். பணக்காரன் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பிரதியாகத் தொங்குகிற படம் அல்ல இது. கைக்குக் கை போகிற படம். சீனத்தில் லூ சுன் என்ற எழுத்தாளர் 1930-களில் இளைஞர்களிடம் மர அச்சை வளர்த்ததற்கும் காரணம் இதுதான். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற அம்மையார், 1844-ல் சைலீசியா நெசவாளிகள் செய்த கலகத்தை வரிசையாக அச்சுப் படங்களாக்கினார். 1898-ல் அதற்குப் பதக்கம் தரலாம் என்று சிபாரிசு போனபோது ஜெர்மன் சக்கரவர்த்தி தர மறுத்துவிட்டார். நெசவாளிக்கு முகம் கொடுத்தால் சக்கரவர்த்திக்குப் பொறுக்குமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 1946 டிசம்பர். சோம்நாத் ஹோருக்கு வயது இருபத்தைந்து. கட்சி அவரை வடக்கு வங்காளத்தில் ரங்க்பூர் ஜில்லாவுக்கு அனுப்பியது. அங்கே தேபாகா கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. தேபாகா என்றால் மூன்று பங்கு. வாரத்துக்கு உழுகிற விவசாயி விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்குக் கொடுத்துவந்தான். இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு, ஒரு பங்குதான் உனக்கு. கதிரை உன் களத்துக்குக் கொண்டுவர மாட்டோம், எங்கள் களத்தில்தான் அடிப்போம் என்று விவசாயிகள் எழுந்தார்கள். யார் களத்தில் போரடிப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தஞ்சைப் பக்கத்துத் தோழர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். ஆகஸ்டில் கல்கத்தாவில் இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அக்டோபரில் நவகாளி. இரண்டே மாதம் கழித்து, அதே வங்காளத்தில், இந்து விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒரே வயலில் இறங்கிச் சேர்ந்து கதிர் அறுத்தார்கள். பத்திரிகைகளில் வெட்டுக்குத்துதான் பெரிதாக வந்தது. இதைப் பார்த்து எழுதவும் வரையவும் போன சிலரில் ஹோர் ஒருவர்.

எப்படிப் போனார்? கிராமம் கிராமமாக நடந்தார். விவசாயிகளின் குடிசையில் தங்கினார். பகலில் அறுப்பை வரைந்தார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கூடிப் பேசியவர்களை வரைந்தார். அன்றன்று பார்த்ததை நாட்குறிப்பாகவும் எழுதினார். அந்தக் குறிப்பும் படங்களும் வெகு காலம் கழித்தே புத்தகமாயின. 1990-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். 'விவசாயி மக்கள்' என்ற மொத்தக் கும்பல் அதில் இல்லை. குளிருக்குத் துணியைப் போர்த்திக் குந்தியிருக்கும் ஒரு கிழவர் இருக்கிறார். பேச்சைக் கேட்கக் கழுத்தை நீட்டும் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொருவரும் தனி ஆள்.

எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு இது உறைக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் நாங்கள் என்ன அறிக்கை அனுப்புகிறோம்? "இருநூறு பேர் வந்தார்கள், நல்ல எழுச்சி." அந்த இருநூறில் எத்தனை முகம் எங்களுக்கு நினைவிருக்கிறது? அறிக்கையில் தலையை எண்ணுகிறோம். அவர் முகத்தைப் பார்த்தார்.

1947-ல் அவர் துவார்ஸ் பிரதேசத்துக்குப் போனார். இமயமலை அடிவாரம், தேயிலைத் தோட்டங்கள். அங்குள்ள தொழிலாளிகள் பலர் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒராவன், முண்டா, சந்தால் மக்கள். அந்தத் தொழிலாளிகளும் அவ்வருஷம் வாரக்காரர்களோடு சேர்ந்து போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தத் தோட்டங்களையும் ஹோர் வரைந்தார், குறிப்பெழுதினார். தோழர்களே, கூடை அங்கேயும் முதுகில்தான். கொழுந்து நிறுக்கும் தராசும் ஒன்றுதான். நம்மைப் போலவே அவர்களும் வேறு மண்ணிலிருந்து வந்து இறங்கியவர்கள்.

இங்கே இருக்கிற பாதிப் பேருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பெட்டியும் பெயர்ப்பதிவுக் காகிதமுமாகக் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்காகவே 1968-ல் இந்த மலைகளில் அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-லிருந்து அது கழகமாக நடந்துவருகிறது. நீங்கள் விட்டுவந்த அந்த மலையிலும் ஒருவர் இருந்தார். சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரை தோட்டத்தில் 1914-ல் பிறந்தார். 1947-ல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் தோட்டத்துப் பெண்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். சர்க்காரின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் அந்தப் பாட்டிலே இருக்கிறார்கள். உங்கள் பாட்டிமார் பாடியதும் அதில் இருக்கக்கூடும்.

சரி, ஹோரிடம் திரும்புவோம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956 வாக்கில் அவர் கட்சி உறுப்பினர் நிலையை விட்டுவிட்டார். இதைச் சொல்லாமல் அவரை நம்மவர் என்று மட்டும் காட்டினால் அது நேர்மையாகாது. பிறகு டில்லியிலும் சாந்திநிகேதனிலும் ஆசிரியராக இருந்தார். கட்சியை விட்டாரே தவிர, அந்தப் பட்டினிக்காரனை அவர் விடவில்லை. பட்டினிக்காரனும் அவரை விடவில்லை. வாழ்நாள் முழுவதும் தாம் கண்டது காயம், காயம், காயம்தான் என்ற கருத்தை அவரே எழுதியிருக்கிறார்.

1970-களில் அவர் ஒரு புது வேலை செய்தார். களிமண் அல்லது மெழுகுத் தகட்டில் கத்தியால் கீறினார், சூடான கம்பியால் குத்தினார். அதன் மேல் சிமெண்டால் அச்சு வார்த்தார். அந்த அச்சில் காகிதக் கூழை வைத்து அழுத்தினார். காய்ந்து வந்தது வெள்ளைக் காகிதம். மனிதனும் இல்லை, மரமும் இல்லை. வெள்ளையின் மேல் வெள்ளையாக ஒரு வெட்டு, ஒரு பிளவு. சிலவற்றில் துளி சிவப்பு. அவ்வளவுதான். முதலில் பார்த்தபோது எங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொடி எங்கே, கை எங்கே என்று தேடினோம். ஆனால் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கிக் கையில் பட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ரத்தம் வருமுன் ஒரு கணம் சதை வெள்ளையாகப் பிளந்து தெரியுமே, அது என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிறகு வெண்கலத்தில் சிறு உருவங்கள் செய்தார். வியட்நாம் மக்களின் போராட்டத்துக்கு மரியாதையாக ஒரு தாயும் குழந்தையும் செய்தார். அவர் செய்தவற்றில் பெரியது அது. 1977-ல் செய்து முடித்த சில நாளிலேயே சாந்திநிகேதனில் அது திருடுபோயிற்று. கிடைக்கவே இல்லை.

இப்போது எங்கள் பிழை. சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன் இந்தத் தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கூட்டத்துக்குச் சுவர் எழுத்து அவன்தான். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் ராத்திரி, நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். ஒரு பெண்ணின் இரண்டு கை. கொழுந்துக் கறை படிந்து கறுத்த விரல்கள், வெடித்த நகம். அவன் தாயாருடைய கை. இப்போது கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. அன்று விரல்தான் எல்லாம்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "தம்பி, நோட்டீசை வீணாக்காதே, விடிவதற்குள் மூன்று சுவர் பாக்கி." பின்பக்கம் வெற்றாகத்தான் இருந்தது. அதில் அவன் எதையும் வீணாக்கவில்லை. பையன் பதில் பேசவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று சுவரையும் எழுதி முடித்தான். அதன்பின் எழுத வரவில்லை. இப்போது திருப்பூரில், பனியனுக்கு அச்சுப் போடும் பட்டறையில் வேலை செய்கிறான். யாரோ கொடுக்கும் படத்தைத் துணியில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனுடைய தாயார் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தக் காகிதம் பெட்டியில் இருக்கிறது என்றார். கூட்டத்தில் காட்டலாமா என்று கேட்டோம். "அவன் வந்து காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். சரியான பதில். பொங்கலுக்கு அவன் வருகிறானாம். அன்று நாங்களும் வருகிறோம். முதலில் அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறோம். அப்புறம் அவன் காட்டினால் பார்ப்போம்.

உங்கள் வீடுகளில் இப்படி நோட்டு, காகிதம், பாட்டு எழுதிய டைரி எது இருந்தாலும் அன்று எடுத்து வாருங்கள். படிப்பகத்துச் சுவரில் இடம் இருக்கிறது. நாங்கள் ஒட்டியிருக்கும் பழைய சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டு இடம் பண்ணுகிறோம்.

இருட்டுகிறது. கீழ் லயன் பக்கம் நேற்று யானை நின்றதாகச் சொல்கிறார்கள். டார்ச் வைத்திருப்பவர்கள் முன்னால் போங்கள். குழந்தைகளோடு வந்தவர்களை நடுவில் விடுங்கள்.