மாங்கூழும் மூலதனமும்: சித்தூர் தரும் பாடம்

(திருப்பதியில் கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தொழில்நுட்பம் வளர்ந்தால் உற்பத்தி பெருகும், ஏற்றுமதி உயரும், பலன் எல்லோருக்கும் வந்து சேரும் என்கிறார்கள் முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்கள். இதன் முதல் பாதி உண்மை. பிற்பாதியைச் சோதித்துப் பார்க்கச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாந்தோப்புகளே போதும்.

தோத்தாபுரி, அதாவது நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்றழைக்கும் மாம்பழம், இங்கு பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. ஆலைகளில் கூழைச் சிறிது நேரம் உயர் வெப்பத்தில் சூடாக்கி, உடனே குளிர்வித்து, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பிப் பீப்பாய்களில் அடைக்கிறார்கள். குளிர்சாதனம் இன்றியே அது ஓராண்டுக்கு மேல் கெடாமல் இருக்கும். சவூதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கூழ் கப்பலேற இத்தகைய நுட்பமே துணை நிற்கிறது. மனித அறிவின் இச்சாதனையை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால், இது காலத்தை ஆலையின் பக்கம் சேர்த்துவிட்டது. ஆலை முதலாளி சென்ற ஆண்டின் கூழை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியும். விவசாயியின் பழமோ ஜூன், ஜூலையில் பழுத்துச் சில நாட்களில் அழுகிவிடும். காத்திருக்க வலிமையுள்ளவரே விலையை நிர்ணயிக்கிறார். உலகச் சந்தையின் மந்தம் தோப்பின் மீது இறக்கப்படுகிறது.

2025-இல் நடந்தது இதுவே. விலை சரிந்தபோது, ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. ஆலைகள் அந்த 8 ரூபாயைத் தரவில்லை என விவசாயிகள் முறையிட்டனர். ஜூலையில் ஒன்றிய அரசு 1.62 லட்சம் டன்னுக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தை அனுமதித்தது. லாபம் தனியாருக்கு, இழப்பு மக்களின் வரிப்பணத்துக்கு! இடையில், வெளிமாநிலத் தோத்தாபுரிக்குச் சித்தூரில் தடை விதிக்கப்பட்டது. ஆந்திர விவசாயியும் கர்நாடக விவசாயியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர்.

எனவே, அறுவடைக்கு முன்பே சட்டப்பூர்வமான கொள்முதல் விலை வேண்டும். ஆலைகளின் கையிருப்பு பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். பருவகாலத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உறுதி செய்யப்பட வேண்டும். கூழ் தயாரிப்பும் சேமிப்பும் கூட்டுறவின் கைக்கு வர வேண்டும். கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்டதை மறவாதீர்கள். உறுப்பினர்களின் விழிப்பும் போராட்டமுமே அதற்குக் காவல்.

கிருஷ்ணகிரியிலும் இதே பழம்தான், இதே ஆலைகள்தான். அடுத்த பருவத்துக்குள் மூன்று மாநில மா விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டுவது நம் உடனடிக் கடமை.