தேத்தண்ணிக்குப் பின்னால் இருக்கும் விவசாயம்

(சர்வதேச தேயிலை தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே 21ஆம் திகதியைச் சர்வதேச தேயிலை தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2019இல் அறிவித்தது. அதற்கு முன்பே, 2005 முதல், தொழிற்சங்கங்களும் சிறு தேயிலைச் செய்கையாளர்களும் டிசம்பர் 15ஐ அப்படிக் கொண்டாடி வந்தார்கள். இன்று நாம் வாழ்த்துச் சொல்ல மட்டும் கூடவில்லை. ஒரு விடயத்தை விளக்கவும் கூடியிருக்கிறோம்.

விவசாயம் என்றால் நமது நாட்டில் வயலும் நெல்லும்தான் நினைவுக்கு வரும். மலையில் நாம் செய்வதைக் 'கூலி வேலை' என்கிறார்கள். நமது பிள்ளைகளும் பாடசாலைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றே எழுதுகிறார்கள். இந்தச் சொல் நமது சம்பளத்தையும் அமுக்கி வைக்கிறது. யாரும் செய்யக்கூடிய வேலைதானே என்று நினைப்பவர்கள், கொடுத்தது போதும் என்றும் நினைப்பார்கள்.

இது யாரும் செய்யக்கூடிய வேலையா? ஒரு மலையில் ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுக்க வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும், நல்ல தூள் வராது. அவசரப்பட்டு இளசை உரித்தால் அடுத்த சுற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுகொண்டே நமது தாய்மார் தீர்மானிக்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டுப் பிழைத்தால் செடி பட்டுப்போகும். மண் கரைந்து ஓடாமல் கான் வெட்டிப் பராமரிக்க வேண்டும். இது விவசாயம் இல்லையென்றால் வேறு எது விவசாயம்?

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு முடியுமுன்பே தடை தளர்த்தப்பட்டாலும், நட்டம் தொடர்ந்தது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், டொலர் தேடித் தரும் பயிர் இப்படி விழுந்தது. மலையில் கொழுந்து குறைந்தது. நிறை காணாதவர்களுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. மண்ணைப் பற்றிய தீர்மானத்தை மண்ணில் நிற்பவர்களைக் கேட்காமல் எடுத்தால் இதுதான் நடக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் 18 கிலோ எடுத்தால் 4 கிலோ தேயிலை. ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் அது 2000 கோப்பை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சம்பளப்படி ஒரு கோப்பைக்குக் கொழுந்து எடுத்தவருக்குப் போனது 70 சதத்துக்கும் குறைவு. தொழிற்சாலைச் செலவு, போக்குவரத்து, ஏலம் எல்லாம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடையில் ஒரு பிளேன்டீயின் விலை உங்களுக்குத் தெரியும். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நகரத்து ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் மாணவர்களை ஒரு நாள் மலைக்கு அழைத்து வாருங்கள். விடியற்காலைப் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை கூடவே நின்று பார்க்கட்டும். மறுமுறை நாம் சம்பளம் கேட்டு வீதியில் இறங்கும்போது, ஏன் என்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியிருக்காது.

தோட்டத்துப் பெற்றோரே, அடுத்த தவணைப் படிவம் வீட்டுக்கு வரும்போது, 'தேயிலை விவசாயத் தொழிலாளி' என்று எழுதும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். நமது தொழிலுக்கு நாமே சரியான பெயரைச் சொல்லத் தொடங்குவோம்.