உடல்நலம் காக்கும் விளையாட்டுக் கழகம்

 

உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். ஆலயத்திற்குத் திருப்பணி செய்யும் நாம், அந்தக் கோயிலைப் பேணுகின்றோமா என்பதே என் கேள்வி.

கேமரன் மலையில் நம் முன்னோர் கூடை சுமந்து தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கினர். அவர்களுக்குத் தனியே உடற்பயிற்சி தேவைப்படவில்லை. இன்று கொழுந்து வெட்டக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நம்மில் பலர் அமர்ந்தே வேலை செய்கின்றோம். அலுவலக நாற்காலியில் பணியாற்றும் நானும் அவர்களுள் ஒருவன். உழைப்பு குறைந்தது, உழைத்தவர் உண்ட சோற்றின் அளவும், தேநீரில் கலக்கும் சீனியும் குறையவில்லை.

விளைவு என்ன? சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்கள் நூற்றுவரில் ஏறக்குறைய 18 பேருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 பேர். அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர்!

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தாலே போதும். ஆனால், தனியே நடப்பவர் மழை வந்தால் நிறுத்திவிடுவார். நம் மலையில் மழைக்கா பஞ்சம்? கழகத்தில் சேர்ந்தவரையோ நண்பர்கள் வீட்டுக்கே வந்து அழைப்பார்கள். கழகத்தின் பலம் அதுவே.

கழகம் என்றால் பதினொரு இளைஞர்கள் பந்தாட, மற்றவர்கள் கைதட்டுவது என்ற எண்ணம் மாற வேண்டும். நம் மலையடிவாரத் தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி, 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனையானார். ஆகவே, தாய்மார்களுக்குப் பூப்பந்தும், முதியோருக்கு நடையும் யோகாசனமும், சிறுவர்களுக்குச் சடுகுடுவும் அமையட்டும். நோய்க்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றுத் தொடங்குவது நலம்.

ஆலய நிர்வாகத்திற்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்றை அமைத்து, 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யுங்கள். மற்றொன்று, பரிசளிப்பு நாளில் சுகாதார நிலையத்தின் துணையோடு இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குக் கூடும் நாம், வாரந்தோறும் திடலிலும் கூடுவோமாக!