மணி காட்டுவதும் மதிப்புக் காட்டுவதும்

ஊருக்கு ஒருவரிடமோ இருவரிடமோ மட்டுமே கைக்கடிகாரம் இருந்த காலம் ஒன்று உண்டு. தெருவில் அவர் எதிர்ப்பட்டால், "ஐயா, மணி என்ன?" என்று கேட்காதவர் இரார். அவரும் சட்டைக் கையைச் சற்றே மேலிழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, நிதானமாகப் பார்த்து விடை கூறுவார். கேட்டவருக்கு மணி கிடைத்தது. சொன்னவருக்கு மதிப்புக் கிடைத்தது. திருமணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் என்று பெண் வீட்டார் ஒப்புக்கொண்டதும் அந்த மதிப்பைக் கருதியே. வானொலியில் மணி ஒலிக்கும்போது அக்கடிகாரத்தின் முள்ளைத் திருத்தி வைப்பது பல வீடுகளில் நாளாந்த வழக்கமாக இருந்தது.

இன்று தெருவில் மணி கேட்பவர் அரியர். கூலிவேலை செய்பவர் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. அதில் நொடி பிசகாத நேரம் செலவின்றித் தெரிகின்றது. அப்படியாயின், கைக்கடிகாரத்தின் விலை தாழ்ந்து போயிருக்க வேண்டும் அல்லவா? நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. ஒரு வீட்டின் விலைக்கு, ஏன், பல மாளிகைகளின் விலைக்கும் கைக்கடிகாரங்கள் விற்கப்படுகின்றன. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் எப்போது அழைப்பாரோ என்று ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போரும் உளர். இந்தப் புதிரை அவிழ்க்கப் புகுந்தால், கடிகாரத்தின் கதையோடு மனித உள்ளத்தின் கதையும் சேர்ந்தே வெளிப்படும்.

கைக்கடிகாரம் தொடக்கத்தில் ஆடவரின் அணியாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சீமாட்டிகளின் ஆபரணம். ஆடவர், சங்கிலி பூட்டிய கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போர் இவ்வழக்கத்தை மாற்றிற்று. பதுங்கு குழியிலே துப்பாக்கி ஏந்தி நிற்கும் போர்வீரன் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்து வீரர் வீடு திரும்பியபோது, அவரோடு கைக்கடிகாரமும் ஊருக்குள் புகுந்தது.

அந்நாளில் கடிகாரம் செய்தோர் அதன் பயனையே பெருமையாகப் பேசினர். பவேரியாவிற் பிறந்து, 1905 இல் இலண்டனிலே கடிகார வணிகம் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டோர்வ் என்பவர் 1908 இல் 'றோலெக்ஸ்' என்னும் பெயரைப் பதிவு செய்தார். 1926 இல் நீர் புகாத கைக்கடிகாரம் ஒன்றை அவர் நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டு, மெர்சிடிஸ் கிளைற்ஸ் என்னும் ஆங்கில மங்கை ஆங்கிலக் கால்வாயின் கடுங்குளிர் நீரிற் பல மணி நேரம் நீந்தியபோது, அக்கடிகாரம் அவர் கழுத்திலே தொங்கியது, நில்லாது ஓடியது. செய்தித்தாளிற் பெரிய விளம்பரம் வந்தது. 1953 இல் கடலில் மூழ்குவோருக்கென ஒரு கடிகாரம் வந்தது. இவற்றின் விலை கூடுதலாயினும் அதற்குரிய காரணத்தை எவரும் விளங்கிக்கொள்ளலாம். கடலில் மூழ்குபவன் தன் உயிரையே அந்த முள்ளை நம்பி ஒப்படைக்கின்றான்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிய நாள் 1969 டிசம்பர் 25. அன்று யப்பானின் சீக்கோ நிறுவனம் குவாட்ஸ் என்னும் படிகக்கல்லால் இயங்கும் முதலாவது கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். அந்நாளில் அது ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலை. ஆனால் அதன் நேரம் மாதமொன்றுக்கு ஐந்து நொடிக்கு மேற் பிசகவில்லை. மிகச் சிறந்த இயந்திரக் கடிகாரமும் நாளொன்றுக்கே சில நொடிகள் முந்தும் அல்லது பிந்தும். இயந்திரக் கடிகாரத்தின் சக்கரம் நொடிக்கு எட்டு முறை துடிக்க, பின்னாளிற் பொதுவழக்கான படிகக் கடிகாரத்தின் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. சில ஆண்டுகளில் இவ்வகைக் கடிகாரம் மலிந்து, சந்தையிற் சிறு காசுக்குக் கிடைக்கலாயிற்று.

சுவிற்சர்லாந்தின் யூரா மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாகக் கடிகாரம் செய்து வாழ்ந்த ஊர்களுக்கு இது பேரிடியாக விழுந்தது. 1970 அளவில் அந்நாட்டின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர். 1980 களின் நடுப்பகுதியில் அத்தொகை முப்பதினாயிரத்தைச் சற்றே தாண்டியதாகச் சுருங்கிற்று. எஞ்சியோர் முன்னே இரு வழிகள் தெரிந்தன. ஒன்று, தாமும் மலிவான படிகக் கடிகாரம் செய்வது. 1983 இல் வந்த 'சுவொச்' என்னும் வண்ணக் கடிகாரம் அவ்வழியிற் பிறந்தது. மற்றையது, மலிவோடு போட்டியிடுவதை முற்றாகக் கைவிடுவது.

இந்த இரண்டாம் வழியே வியப்புக்குரியது. உறங்கிக் கிடந்த 'பிளாங்பேன்' என்னும் பழம்பெயருக்கு 1980 களில் உயிரூட்டியவர்கள், தங்கள் நிறுவனம் ஒருநாளும் படிகக் கடிகாரம் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதுமில்லை என்று விளம்பரம் செய்தனர். பின்தங்கிய நுட்பம் என்று உலகம் ஒதுக்கியதே குலப்பெருமையாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1972 இல், ஓடமார் பிகே நிறுவனம் வெறும் உருக்கினாற் செய்த ஒரு கைக்கடிகாரத்தைப் பொன் கடிகாரத்துக்குரிய விலையில் வெளியிட்டிருந்தது. அதனை வரைந்த ஜெரால்ட் ஜென்டா என்னும் கலைஞரே, 1976 இல் பற்றேக் பிலிப் நிறுவனத்தின் 'நோட்டிலஸ்' என்னும் உருக்குக் கடிகாரத்தையும் வரைந்தார். பொன்னுக்காக அல்ல, நேரத்துக்காகவும் அல்ல என்றால், வாங்குவோர் எதற்காகப் பணங்கொடுத்தனர்?

இதற்குரிய விடையை அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டீன் வெப்லென், 1899 இல் வெளியிட்ட நூலிலேயே கூறிவிட்டார். செல்வம் இருந்தாற் போதாது. இருக்கின்றதென்று பிறர் அறியவும் வேண்டும். அதற்காகவே மக்கள் பிறர் காணச் செலவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. அரிசி விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். அது சந்தையின் பொது விதி. பிறர் காண்பதற்காக வாங்கும் பொருளிலோ, விலையே பொருளின் சிறப்பாகி விடுகின்றது. விலையைப் பாதியாகக் குறைத்தால் அதை விரும்பியவரே வேண்டாமென்று விலகிவிடவுங் கூடும்.

இங்கே கைவினைஞருக்குச் சேரவேண்டிய நீதியையும் மறந்துவிடலாகாது. நல்லதோர் இயந்திரக் கடிகாரத்தினுள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய உறுப்புகள் உள்ளன. வெளிக்குத் தெரியாத பற்சக்கரத்தின் விளிம்பையும் கையால் மெருகிடும் தொழிலாளர் இன்றும் இருக்கின்றனர். அந்தத் திறமை பல்லாண்டுப் பயிற்சியாற் கைவருவது. அதற்கு உயர்ந்த விலை கொடுப்பதிற் குற்றமில்லை. வீணையைச் செய்பவருக்கும் சிலையை வடிப்பவருக்கும் கொடுப்பது போன்றதே அது. ஆனால் கடைக்காரர் குறித்த விலைக்கும் தெருவில் அதே கடிகாரம் பெறும் விலைக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் தோன்றும்போது, அந்தப் பணம் கைவினைஞரைச் சென்றடைவதில்லை. அது இடையில் நிற்பவர் பைக்குப் போகின்றது.

அந்தப் பள்ளம் உண்டாகும் விதம் எளியது. விரும்புவோர் பலர், செய்யப்படும் கடிகாரங்கள் சில. கடைக்குச் செல்பவர் பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்புகின்றார். காத்திருக்க மனமில்லாதவர் ஏற்கெனவே வாங்கியவரிடம் கூடுதல் விலைக்குக் கேட்கின்றார். இதைக் கண்ட மூன்றாமவர், கட்டுவதற்காகவன்றி விற்பதற்காகவே வாங்கத் தொடங்குகின்றார். அவரும் வரிசையில் நிற்பதால் வரிசை மேலும் நீளுகின்றது. நீண்ட வரிசையைக் கண்டு விலை மேலும் ஏறுகின்றது. பற்றாக்குறை தமது தந்திரமன்று, தரங்குறையாது தேவைக்கு ஈடாகச் செய்ய இயலாமையே காரணம் என்று றோலெக்ஸ் நிறுவனம் 2021 இற் கூறிற்று. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: காத்திருப்பே விலைக்குரிய சரக்காயிற்று.

இதன் உச்சத்தை 2021 ஆம் ஆண்டு கண்டது. பெருந்தொற்றுக் காலம், வீட்டில் அடைபட்டிருந்த செல்வரிடம் செலவழியாத பணம் தேங்கியிருந்தது, வட்டியும் தாழ்ந்திருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பற்றேக் பிலிப் நிறுவனம், நோட்டிலஸ் வகையில் யாவரும் தேடிய உருக்குக் கடிகாரத்தை இனிச் செய்வதில்லை என்று நிறுத்திற்று. ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் ரிவனி நிறுவனத்தோடு தனக்குள்ள 170 ஆண்டு உறவைக் குறித்து, அதே கடிகாரத்தை இளநீல முகத்தோடு 170 மட்டும் செய்தது. கடை விலை ஏறத்தாழ 52,000 டொலர். அவற்றுள் ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தது. அறக்கொடைக்காக விடப்பட்ட ஏலமே எனினும், அது பெற்ற விலை 65 இலட்சம் டொலர். கடை விலையிலும் நூறு மடங்குக்கு மேல்.

இச்செய்தி உலகெங்கும் பரவியதும், கைக்கடிகாரம் வங்கியிலும் சிறந்த சேமிப்பு என்று பலர் நம்பினர். கடன் பட்டு வாங்கியோரும் இருந்தனர். 2022 இன் முற்பகுதியில் கைமாற்றுச் சந்தையின் விலைகள் உச்சியைத் தொட்டன. அதன் பின்னர் சரிந்தன. உச்சியிலே வாங்கியவரின் கையில் அதே கடிகாரம், அதே நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. முள்ளும் பழுதாகவில்லை, சக்கரமும் தேயவில்லை. நாளை இன்னொருவர் இதனினும் அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கை மட்டும் நின்றுவிட்டது. கடனோ நிற்கவில்லை, வட்டியோடு வளர்ந்தது.

தொழில் முழுவதும் எத்திசையிற் செல்கின்றது என்பதை ஏற்றுமதிக் கணக்கே காட்டும். 2000 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து ஏறத்தாழ மூன்று கோடிக் கடிகாரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி, ஏறத்தாழ 1,000 கோடி பிராங்கு ஈட்டியது. 2023 இல் அனுப்பிய தொகை 1 கோடி 70 இலட்சத்துக்கும் குறைவு. ஈட்டியதோ 2,600 கோடிக்கு மேல். சாதாரண மனிதர் வாங்கும் கடிகாரம் மெல்ல மறைய, செல்வர் வாங்குவது பெருகிவருகின்றது.

மதிப்புக் காட்டும் கருவி, மறைக்க நினைப்பதையும் காட்டிவிடும் என்பதற்குச் சீனாவில் நிகழ்ந்த ஒன்று சான்று. 2012 ஓகஸ்டில் சென்சி மாகாணத்திற் பேருந்து ஒன்று எரிபொருள் வண்டியோடு மோதி 36 பேர் மாண்டனர். அவ்விடத்திற்கு வந்த தொழிற்பாதுகாப்பு உயர் அதிகாரி ஒருவர் புன்னகையோடு நின்ற படம் வெளியாயிற்று. சினங்கொண்ட மக்கள் அவருடைய பழைய படங்களைத் தேடி எடுத்தனர். படத்துக்குப் படம் அவர் மணிக்கட்டில் வெவ்வேறு விலையுயர்ந்த கடிகாரம்! அரசாங்கச் சம்பளத்தில் இத்தனை எவ்வாறு வந்தன என்று ஊரே கேட்டது. அடுத்த மாதமே பதவி போயிற்று. 2013 இல் இலஞ்சக் குற்றத்துக்காக 14 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிறர் காணவேண்டுமென்று கட்டியதைப் பிறர் கண்டனர், அவ்வளவே.

இனி, இந்தக் கதையில் வெகுவாகப் பேசப்படும் இன்னொரு கடிகாரம். றோலெக்ஸ் நிறுவனம் 1963 இல் மோட்டார்ப் பந்தய ஓட்டிகளுக்காக 'டெயிற்ரோனா' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. அதில் ஒரு வகை முகம் அந்நாளில் எவரையும் கவரவில்லை. சில நூறு டொலருக்கும் கடைகளில் விலைபோகாது கிடந்தது. ஹொலிவூட் நடிகர் போல் நியூமன் மோட்டார்ப் பந்தயத்தில் இறங்கியபோது, அவர் மனைவி ஜோன் வூட்வேர்ட் அத்தகையதொன்றை வாங்கி, கவனமாக வண்டி ஓட்டும்படி ஒரு சிறு வாசகத்தைப் பின்புறத்திற் பொறித்துக் கொடுத்தார். அதை அவர் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் கட்டினார். 1984 இல், மகளின் நண்பரான இளைஞர் ஒருவரிடம் கடிகாரம் இல்லையென்று கண்டு, கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 ஒக்டோபரில் அதுவே நியூயோர்க் ஏலத்தில் 1 கோடி 77 இலட்சம் டொலர் பெற்றது.

அன்று அதை வாங்கியவர் அதன் விலை ஏறுமென்று எண்ணவில்லை. கட்டியவரும் பூட்டி வைக்கவில்லை. கணவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமென்ற ஒரு மனைவியின் கவலை அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. இன்று பல கடிகாரங்கள், கீறல் விழுந்தால் விலை குறையுமென்று, ஒட்டிய பாதுகாப்புத் தாளைக்கூட உரிக்காமல் இரும்புப் பெட்டியில் உறங்குகின்றன. அவை எவருக்கும் மணி சொல்வதில்லை. எவர் வாழ்வின் எந்த நாளையும் அறிவதுமில்லை.

தகப்பனார் விட்டுச் சென்ற பழைய கைக்கடிகாரம் ஒன்று நேயர்களின் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடும். அதன் கண்ணாடி மங்கியிருக்கும், தோல்வார் தேய்ந்திருக்கும், ஏலக்காரர் அதைத் திரும்பியும் பாரார். ஆயினும் பாடசாலைக்குப் பிந்தாமற் பிள்ளையை எழுப்பியதும், கடைசிப் புகைவண்டியைத் தவறவிடாமல் அவரை வீடு சேர்த்ததும் அதன் முட்களே. அதை எடுத்துத் துடைத்துச் சாவி கொடுத்தால், பெரும்பாலும் மீண்டும் ஓடும். தெருவில் யாரேனும் மணி கேட்டாற் சொல்லவும் உதவும்.