தசைநாண் வளரும் பருவம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நம் மாணவர்களின் வளர்ச்சி பற்றிய முக்கியமான செய்தி இருக்கிறது.

குதிகாலுக்குச் சற்று மேலே விரல்களால் பிடித்துப் பாருங்கள். கயிறுபோல் தட்டுப்படுவது குதிகால் தசைநாண். நீரை நீக்கிப் பார்த்தால் அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமே. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியதே ஒரு கொலாஜன் மூலக்கூறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இந்த அமைப்பை முன்வைத்தார்கள். வகுப்பில் மூன்று நூல்களை முறுக்கிக் காட்டும்போது அவர்கள் பெயரையும் சொல்லுங்கள்.

இம்மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். ஒவ்வொன்றும் பக்கத்து மூலக்கூறிலிருந்து 67 நானோமீட்டர் தள்ளி, செங்கல் கட்டுப்போல் அடுக்கப்பட்டு நுண்ணிழையாகிறது. கருவில் தசைநாண் செல்கள் வரிசையாக நின்று, இந்த இழைகளை ஒரே போக்கில் அமைக்கின்றன. அப்போது அவை மெல்லியவை. ஏறக்குறைய ஒரே பருமன் உடையவை.

பிறகு என்ன நடக்கிறது? சுண்டெலியின் வால் தசைநாணில் ஆராய்ந்தார்கள். பிறந்தபின் இழைகளின் எண்ணிக்கை கூடவில்லை. இருந்த இழைகளே நீண்டன, தடித்தன. தறியில் பாவு நூல் எத்தனை என்பது முதலிலேயே முடிவாகிவிடுவதைப் போன்றது இது.

மனிதரைப் பற்றி 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு செய்தியைச் சொன்னார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 உடலிலும் பதிந்திருக்கிறது. அதை அளந்தபோது, குதிகால் தசைநாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய கயிறு, பிள்ளைகள் நம்மிடம் படிக்கும் ஆண்டுகளில்தான் திரிக்கப்படுகிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டமும் தாவலும் தரும் இழுவிசைக்கு ஏற்பவே தசைநாண் உறுதிப்படுகிறது.

இரண்டு, கொலாஜன் முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயையும் கொய்யாவையும் உணவுப் பாடத்தோடு நிறுத்தாமல் இந்தப் பாடத்திலும் பேசுங்கள்.

மூன்று, வேகமாக உயரும் வயதில் சில பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில் வலி வரும். அங்கே எலும்பு இன்னும் முற்றவில்லை. "சார், கால் வலிக்குது" என்று மைதானத்தில் ஒருவன் உட்கார்ந்தால் சாக்குச் சொல்கிறான் என்று விரட்டாதீர்கள். ஓய்வு கொடுங்கள், வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அந்த ஒரு வரிப் பாடத்தை நாளை நடத்தும்போது, மாணவர்களைத் தங்கள் குதிகாலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.