மலிவு லாஜிக் அனலைசரும் ஒன்பது ஒற்றைப்படை எண்களும்

பழைய கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு அந்த எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் போதுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் போதும். ஆனா அது காட்டினதைத் தப்பாப் படிச்சு ஒரு நல்ல சிப்பை நான் கழற்றின கதையை முதல்ல சொல்லிடறேன்.

மெஷின், 1982ல வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48கே. ஆன் பண்ணினா திரை முழுக்க வெறும் கோடு. உள்ளே இருக்கிற இசட்80 ப்ராசஸர் 3.5 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. அதாவது ஒரு கிளாக் சுற்றுக்குச் சுமார் 286 நானோசெகண்ட். அனலைசர் 42 நானோசெகண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்குது. சுற்றுக்கு ஏழு சாம்பிள், தாராளம்.

சிக்கல் கிளிப் எண்ணிக்கையிலதான். பல்ஸ்வியூ மென்பொருளில் இசட்80 டிகோடரே இருக்கு. ஆனா அதுக்கு டேட்டா லைன் எட்டும், எம்1, ஆர்டி, டபிள்யூஆர் மூணும் வேணும். நம்மகிட்ட எட்டுதான். கிளாக், ரீசெட், எம்1ன்னு கன்ட்ரோல் லைன்களுக்கே ஏழு போச்சு. மிச்சம் ஒண்ணை டி0ல மாட்டினேன். ஏன் டி0? முதல் எண் பூஜ்யம், அவ்வளவுதான் காரணம்!

ரீசெட் விட்டதும் எம்1 அழகா இறங்கி ஏறுது. ப்ராசஸர் உயிரோடதான் இருக்கு. ஆனா முதல் 8 மைக்ரோசெகண்டுல எந்த ரீடைப் பார்த்தாலும் டி0 மட்டும் 1. சரி, ரோம்ல அந்த பிட் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டினேன். டீசால்டர் பண்றப்போ போர்டுல ஒரு ட்ராக்கும் பெயர்ந்து வந்துடுச்சு.

கழற்றின ரோமை ரீடர்ல போட்டுப் படிச்சா, ஒரு பைட்கூடத் தப்பில்லை. தொடக்கத்தைப் பார்த்தேன்: எஃப்3, ஏஎஃப், 11, எஃப்எஃப், எஃப்எஃப், சி3, சிபி, 11. கடைசி மூணு பைட், 11சிபிக்குத் தாவச் சொல்ற கட்டளை. தாவின இடத்துல முதல் பைட் 47. ஒன்பதுமே ஒற்றைப்படை எண்! டி0 1ஆதான் இருக்கணும். பத்தாவதா வர்ற 3இ-லதான் அது பூஜ்யமாகும். திரையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். டி2ல மாட்டியிருந்தா 0, 1, 0, 1, 1, 0, 0, 0ன்னு முதல் எட்டு பைட்டும் தன்னாலே அடையாளம் காட்டியிருக்கும். அதனால இப்பல்லாம் ரோம் லிஸ்டிங்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் கிளிப்பையே எடுக்கறேன்.

உண்மையான கோளாறு கீழ் 16கே மெமரியில, ஒரு 4116 சிப். விரல் வைக்க முடியாத சூடு. ஒண்ணு கவனிங்க, இந்த சிப்புக்கு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் போகுது. அந்தக் கால்கள்ல கிளிப் பட்டா அனலைசர் காலி. இன்னொண்ணு, ராஸ், காஸ் சிக்னல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சில பத்து நானோசெகண்ட்தான். நம்ம கருவியில ரெண்டும் ஒரே சாம்பிள்ல விழுந்த மாதிரிகூடத் தெரியலாம். அரைகுறை வோல்டேஜா இருந்தாலும் அது 0 இல்லைன்னா 1னுதான் சொல்லும். அங்கே ஆசிலோஸ்கோப்தான் வேணும்.

ரோமுக்கு சாக்கெட் போட்டு, பெயர்ந்த ட்ராக்குக்கு ஒரு மெல்லிய வயர் இழுத்து, 4116ஐ மாத்தினேன். சின்க்ளேர் காப்பிரைட் வரி திரையில வந்துடுச்சு. அந்த வயர் இன்னும் போர்டுலதான் இருக்கு.